ஜான் உல்மன் சரிதம்

நண்பன் நெறி தவறுங்கால் அவனை இடித்துரைத்தல் நட்பின் கடமையாமென்பது நந்தமிழ் மூதறிஞர் கொள்கை. உடனிருந்து களிப்பதோடு நட்பு முடிந்துவிடுவதில்லையெனத் திருவள்ளுவர் வற்புறுத்தியிருப்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும், இடித்துரைக்கப் புகுவோருட் பலர், பிறர் குற்றத்தை எடுத்துக் காட்டுவதில் தாம் அடையும் இன்பத்தையே அன்பென மயங்குகின்றனர். வேறு பலரோ, முகமுறிவுக்கு அஞ்சி வாய் மூடியிருந்து, அதனையே பொறையென்று பாராட்டிக் கொள்கின்றனர். இவ்விரண்டிற்கும் வேறாகிய வழியொன்றுண்டு. அவ்வழியே நெடுந்தூரம் நடந்து, தாம் சார்ந்த சபையார் மனிதரை விலைக்கு வாங்கி அடிமை கொள்ளும் வழக்கத்தை விட்டொழிப்பதற்குப் பெரிதும் காரணராயிருந்தவர் ஜான் உல்மன் என்னும் தையற்காரர். நெடுந்தூரம் நடந்தாரென்பது அணியாகச் சொன்னதன்று. இவர் தம் பிற்காலத்துப் பிரயாணங்களிற் பலவற்றைக் கால்நடையாகவே செய்தார்.

இவர் 1720-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19-ஆம் நாள், வட அமெரிக்காவில் அக்காலத்து ஆங்கிலக் குடியேற்ற நாடுகளுள் ஒன்றாகிய நியூ ஜெர்சியில், மவுண்ட் ஹாலி என்னும் ஊருக்கு அணித்தாகிய ராங்கோகஸ் ஆற்றங்கரையில் பிறந்தார். தந்தையார் ஸாமுவேல் உல்மன் பயிர்த்தொழில் செய்பவர். பதின்மூன்று பிள்ளைகளையுடைய அக்குடும்பத்தில் இவரே மூத்த ஆண்மகவு. குடும்பத்தார் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தினர்.

இளம்பருவத்து நிகழ்ச்சியொன்றை இவர் தம் வாழ்க்கைக் குறிப்பிலே மறவாது எழுதி வைத்திருக்கிறார். சிறுவராயிருந்தபோது, அயல் வீட்டுக்குச் செல்லும் வழியில், கூட்டிலிருந்த ராபின் பறவையொன்று தன் குஞ்சுகளைக் காக்கும் பொருட்டு இங்குமங்கும் பறந்து கதறக் கண்டு, விளையாட்டாகக் கல்லெறிந்தார். பறவை செத்து விழுந்தது. முதலில் மகிழ்ச்சி, சில நிமிஷங்களுக்குள் மனம் நடுங்கிற்று. தாயை இழந்த குஞ்சுகள் பட்டினியாற் சாகுமேயென்றெண்ணி, மரத்திலேறி அவற்றையும் தம் கையாலேயே கொன்று முடித்தார். ஒரு தீங்கைச் செய்தவன் அதன் விளைவினின்றும் விலகிப் போய்விட முடியாதென்பதை இவர் நூல் வாயிலாக அன்றி அந்த மரத்தின் மீதிருந்தே கற்றார் போலும்.

இருபத்தொரு வயதில் தந்தையாரின் பண்ணையை விட்டு, மவுண்ட் ஹாலியில் ஒரு கடைக்காரரிடம் கணக்கெழுதவும் சரக்கு விற்கவும் அமர்ந்தார். ஓராண்டு, ஈராண்டுக்குள் ஒரு நாள், எஜமானர் தம்மிடமிருந்த ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டு, கிரயப் பத்திரம் எழுதுமாறு இவருக்குக் கட்டளையிட்டார். வாங்குபவரோ அங்கேயே காத்து நின்றார். அவரும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்த முதியவரே. ஆண்டுக் கூலிக்கு அமர்ந்தவர் எஜமானன் சொல்லைத் தட்டுவதெப்படி? உல்மன் எழுதினார். ஆனால் எழுதும்போதே உள்ளம் வருந்தி, எஜமானரும் அம்முதியவரும் கேட்க, அடிமை கொள்ளுதல் கிறிஸ்து மார்க்கத்துக்கு ஒவ்வாத செயலெனத் தாம் கருதுவதாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதனால் மனப்பாரம் ஒருவாறு குறைந்ததேயன்றித் தீர்ந்தபாடில்லை. எழுத மாட்டேனென்று மறுத்திருக்க வேண்டுமென்பதே பின்னர் இவர் கண்ட முடிவு. சிறிது காலத்துக்குப் பின் சங்கத்து இளைஞரொருவர் அத்தகைய பத்திரம் எழுதித் தரும்படி வேண்டியபோது, நயமாக மறுத்துவிட்டார். அவ்விளைஞரும் அடிமை வைத்திருப்பது தம் மனத்துக்கும் இசைவாயில்லையென ஒப்புக்கொண்டனராம். நாம் ஒரு தீங்கை மறுக்கும்போது, எதிரிலிருப்பவரும் உள்ளுக்குள்ளே அதனையே மறுத்துக்கொண்டிருத்தல் கூடுமென்பதை இவர் முதன்முறையாக அப்பொழுது கண்டார்.

இவ்விடத்தில் நண்பர் சங்கத்தின் அமைப்பைச் சிறிது சொல்லாவிடில் இவர் செய்த தொண்டு விளங்காது. அச்சங்கத்தில் சம்பளம் பெறும் குருமார் அக்காலத்தில் இல்லை. அருகருகே வாழும் அன்பர்கள் கூடி மாதக் கூட்டம் நடத்துவர். பல மாதக் கூட்டங்கள் சேர்ந்து காலாண்டுக் கூட்டம். அவை யாவும் சேர்ந்து ஆண்டுக் கூட்டம். தலைகளை எண்ணித் தீர்மானம் செய்யும் வழக்கம் அங்கில்லை. மௌனமாக அமர்ந்து, எழுவோர் சொல்வதைக் கேட்டு, கூட்டத்தின் கருத்து ஒருமைப்படும்போது எழுத்தர் அதனைக் குறித்துக்கொள்வர். ஒருமைப்படாவிடில் காரியம் அடுத்த ஆண்டுக்கு நிற்கும். அன்றியும், அங்கத்தினர் ஒவ்வொருவருடைய வியாபாரம், கடன், விவாகம், குடி ஆகிய யாவும் மற்றவர் கவலைக்குரியனவாகவே கொள்ளப்பட்டன. குற்றஞ்செய்தவனிடம் முதலில் தனித்துச் சென்று பேசுக என்று மத்தேயு சுவிசேஷத்திற் சொல்லப்பட்ட முறையை அவர்கள் சட்டம் போலவே கைக்கொண்டனர். ஒருவர் போதிக்கும் பொருட்டு வெளியூர் செல்ல விரும்பினால், தம் மாதக் கூட்டத்தார் அதனை ஆய்ந்து நற்சான்று கொடுத்தாலன்றிச் செல்லலாகாது. உல்மன் தம் வாணாளிற் செய்த பிரயாணங்கள் பல. தாமே தமக்கு அனுமதி கொடுத்துக்கொண்டு அவற்றுக்குப் புறப்படுபவரல்லர் இவர்.

இத்துணை ஒழுங்குடைய சங்கத்தினர் அடிமைகளை வைத்திருந்தது எவ்வாறென வாசகர் வினவலாம். 1688-ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்னுமிடத்து அன்பர் நால்வர் கையொப்பமிட்டு, இவ்வழக்கம் தகாதென எழுதியனுப்பினர். மாதக் கூட்டம் அதனைக் காலாண்டுக் கூட்டத்துக்கும், அது ஆண்டுக் கூட்டத்துக்கும் தள்ளிவிட, ஆண்டுக் கூட்டத்தார் இப்பெரும் பொருளைத் தாம் தீர்த்தல் தகாதென ஒதுக்கிவிட்டனர். அதன் பின் பெஞ்சமின் லே என்னும் குறுகிய உருவினர் தோன்றினார். 1738-இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இவர் மேலங்கிக்குள் போர்வீரர் உடையணிந்து வந்து, உள்ளே குடைந்து செம்பழச்சாறு நிரம்பிய பையொன்றை மறைத்து வைத்திருந்த புத்தகத்தை வாளாற் குத்தி, இரத்தம் போன்ற அச்சாற்றை அருகிலிருந்தோர் மீது தெறிக்கச் செய்தார். அடிமை கொள்வோர் செய்வதும் இக்கொலையே என்பது அவர் கருத்து. சங்கத்தார் அவரை விலக்கிவிட்டனர். லே சொன்னதிற் பொய்யில்லை. அவருடைய துணிவும் நம்மால் இகழத்தக்கதன்று. எனினும் தெறித்த சாற்றைத் துடைத்தெறிந்த பின், அடிமைகளையுடையோர் முன்போலவே வீடு சென்றனர். அவர்களுடைய வீட்டுக்கே பின்தொடர்ந்து சென்று, அவர்களுடைய அடுப்பங்கரையில் அமர்ந்து பேச வல்லவர் ஒருவர் வேண்டியிருந்தார்.

உல்மன் 1746-இல் ஐஸக் ஆண்ட்ரூஸ் என்னும் அன்பருடன் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய தென்னாடுகளுக்குச் சென்றார். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 1500 மைல் பிரயாணம். அங்கே கண்டதனைத்தும் இவர் மனத்தைக் கலக்கிற்று. அடிமைகளின் துயரத்தை மட்டுமன்று, அடிமைகளை உடையவரின் வீழ்ச்சியையும் இவர் கண்டார். தாமே உழைத்துண்ணும் வீட்டில் தங்கும்போது மனம் இலேசாயிருந்தது. பிறர் உழைப்பில் செல்வச் செருக்கோடு வாழும் வீட்டில் உண்ட சோறு உள்ளே இறங்க மறுத்தது. அவ்வீட்டார் பிள்ளைகள் சோம்பலையும் கடுமையையும் தாய்ப்பாலோடு பருகி வளர்வதைக் கண்டு இரங்கினார். திரும்பி வந்ததும் அடிமை கொள்ளுதலைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை எழுதினார். எழுதியும் உடனே அச்சிட்டாரல்லர். 1750-இல் தந்தையார் மரணப்படுக்கையில் அக்கையெழுத்துப் பிரதியைப் பற்றிக் கேட்டு, அதனை வெளியிடல் வேண்டுமெனக் கூறிச் சென்றார். 1754-இல் சங்கத்து நூலாய்வாளர் ஒப்புதலோடு அது வெளிவந்தது. அதே ஆண்டில் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தாரும் அடிமைகளை வாங்குவதைக் கண்டித்து ஒரு நிருபம் விடுத்தனர்.

இடையில், 1749-இல் ஸாரா எல்லிஸ் என்னும் மங்கையை மணந்தார். மேரி என்னும் பெண்மகவு ஒன்று வளர்ந்தது. ஆண்மகவு குழவிப்பருவத்திலேயே இறந்தது.

மரண சாசனம் எழுதித் தருவதிலும் உல்மன் கைவந்தவராதலின், அயலார் இவரையே நாடுவர். ஒரு சமயம் அயலாரொருவர் காயம்பட்டுப் படுத்தவர், தம் சாசனத்தை எழுதிக்கொள்ளுமாறு இவரை அழைப்பித்தார். பிற சொத்துக்களுடன் இளம் அடிமைப் பெண்ணொருத்தியையும் தம் மக்களுள் ஒருவருக்கு வைப்பதாகச் சொன்னார். உல்மன் குறித்துக்கொண்டு வீடு வந்து, அப்பகுதியை மாத்திரம் விட்டுவிட்டு மற்றதை எழுதி எடுத்துச் சென்று, நோயாளி அருகில் அமர்ந்து, தாம் அதனை எழுத இயலாமையை நட்போடு விளக்கினார். எழுதிக் கொடுத்ததற்குக் கூலி வேண்டாமென்றும் சொன்னார். இருவரும் உளந்திறந்து நெடுநேரம் பேசினர். முடிவில் அவர் அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார். உல்மன் சாசனத்தை முடித்தார். மற்றொரு முதியவரோ தம் அடிமைகளை மக்களுக்கு வைக்க விரும்பியபோது இவர் மறுக்க, அவர் வேறொருவரிடம் சென்றார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து மீண்டும் கேட்டார், மீண்டும் மறுப்பு. மூன்றாம் முறை வந்தபோது, அடிமைகளுக்கு விடுதலை வைத்து எழுதுமாறு அவரே சொன்னார். இந்நிகழ்ச்சியில் நம்மை வியக்கச் செய்வது அவர் மனம் மாறியதன்று. இருமுறை மறுக்கப்பட்ட முதியவர் மூன்றாம் முறையும் அதே வாயிற்படியில் வந்து நின்றதேயாம். மறுத்தவரிடம் இகழ்ச்சி சிறிதேனும் இருந்திருக்குமாயின் அவர் வந்திரார்.

1757-இல் உல்மன் மீண்டும் தென்னாடு சென்றார். இம்முறை மற்றொரு சங்கடம் எழுந்தது. அடிமைகளையுடையோர் வீட்டில் விருந்தினராகத் தங்கி, அவ்வடிமைகள் சமைத்த உணவையுண்டு, அவர்கள் விரித்த படுக்கையிற் கிடந்துவிட்டு, காலையில் வீட்டுத் தலைவரிடம் அடிமைத்தனம் தகாதென்றால் அச்சொல்லுக்கு வலியேது? விருந்தோம்பல் நாவைக் கட்டிவிடுமென்பதை இவர் நன்குணர்ந்தார். ஆதலின் சிறு வெள்ளி நாணயங்களை உடன் கொண்டு சென்று, விடைபெறுங்கால் அடிமைகளுக்குத் தாமே கொடுத்தும், தலைவர் கையில் கொடுத்து அவர்களுக்கு வழங்குமாறு வேண்டியும், தாம் பெற்ற பணிவிடைக்குக் கூலி செலுத்தினார். செல்வரொருவரிடம் இக்காசை நீட்டுவது எத்துணைக் கூச்சந்தரும் செயலென்பதை எண்ணிப் பார்க்க. நீட்டும்போதெல்லாம் இவருக்கு அச்சமாகவேயிருந்தது. வாங்கியவருட் சிலர் முகம் வாடினர். எனினும் பெரும்பாலோர் மனம் நோகாது ஏற்றுக்கொண்டனர்.

இனி 1758-ஆம் ஆண்டுப் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அடிமைகளைப் பற்றிய பொருள் கூட்டத்தில் எழுந்தபோது, சங்கத்தில் மதிப்பு வாய்ந்தோர் பலர் அடிமைகளையுடையவராகவே அங்கமர்ந்திருந்தனர். அவர்களுள் எவரும் அவ்வழக்கத்தை வெளிப்படையாகத் தாங்கிப் பேசினாரில்லை. ஆண்டவரே காலக்கிரமத்தில் வழி திறப்பார், அதுவரை பொறுத்திருப்போமென்று சிலர் சொல்ல, இனிமேல் வாங்குவோரை மட்டும் கண்டிப்போமென்று வேறு சிலர் இயம்பினர். நற்காரியங்கள் பல இவ்விதமே சாந்தமான சொற்களால் மூடப்பட்டுப் புதைபடுவது உலகியல்பு. உல்மன் நெடுநேரம் மௌனமாகவிருந்து, பின்னர் எழுந்தார். ஒடுக்கப்பட்டோரின் கூக்குரல் கடவுள் சந்நிதிக்கு எட்டிவிட்டதென்றும், சிலருடைய ஆதாயத்தைக் கருதியோ, உறுதியற்ற அடித்தளமுடைய நட்பைக் கருதியோ, செய்யவேண்டிய கடமையைத் தாமதித்தால், கடவுள் அச்சந்தரும் வழிகளால் நமக்கு மறுமொழி கூறுதல் கூடுமென்றும், கண்ணீரோடு சொன்னார். நாம் என்று தம்மையும் உட்படுத்தியே இவர் பேசினார்.

கூட்டத்தின் மனம் திரும்பியது. அடிமைகளை இனி வாங்குவோரும் விற்போரும் சங்கத்தின் காரியங்களை நடத்தும் கூட்டங்களில் இடம்பெறலாகாதென்றும், அவர்தம் பொருளுதவியும் ஏற்கப்படலாகாதென்றும் முடிவாயிற்று. அதனினும் மேலாக, அடிமைகளையுடைய அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று கண்டு பேசுவதற்கெனச் சிலர் முன்வந்தனர். உல்மன், ஜான் ஸ்கார்பரோ, ஜான் ஸைக்ஸ், டேனியல் ஸ்டாண்டன் முதலியோர் அப்பணியை ஏற்றனர். தீர்மானத்தை நிறைவேற்றியதும் கலைந்து போவது எங்குமுள்ள வழக்கம். தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வாயில் வாயிலாகச் செல்வோர் அரியர்.

அவ்வாறு சென்றவிடத்து நிகழ்ந்தது யாது? இருவர் மூவராகச் செல்வர். வீட்டாருடன் முதலில் மௌனமாக அமர்வர். பின்னர் அடிமைகளை வைத்திருப்பதற்குக் காரணம் யாதென வினவி, வீட்டுத் தலைவர் தம் மனத்தைத் திறந்து சொல்லக் கேட்பர். முதுமையில் உதவிக்கு ஆளில்லை என்பார் சிலர். பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்தது என்பார் சிலர். விடுதலை செய்தால் அவர்கள் எவ்விதம் பிழைப்பரென்று கேட்பார் சிலர். ஒவ்வொன்றுக்கும் பொறுமையுடன் விடை கூறுவர். உல்மனுக்கு இப்பணி சிறிதும் இனிக்கவில்லை. செல்வமும் வயதும் மிக்கவர்களிடம், தம்மை அன்பாக உபசரித்தவர்களிடம், இத்தகைய பேச்சை எடுப்பது இவருக்குச் சிலுவை சுமப்பது போன்றிருந்தது. ஆனால் அக்கூச்சத்தையே இவர் ஓர் உரைகல்லாகக் கொண்டார். கண்டிக்கச் செல்லும்போது மகிழ்ச்சி தோன்றினால் தாம் செல்லத் தகுதியற்றவரென்றும், மனநோவும் இரக்கமும் தோன்றினாலன்றிப் பேசலாகாதென்றும் இவர் கருதியமை இவர் குறிப்புகளால் விளங்கும். ஏழை அடிமைக்கு இரங்குவதும் செல்வ எஜமானருக்கு இரங்குவதும் இவருக்கு இருவேறு காரியங்களாகப் படவில்லை.

1760-இல் ரோட் தீவிலுள்ள நியூபோர்ட் நகரத்துக்குச் சென்றார். அடிமைக் கப்பல்கள் வந்திறங்கும் துறைமுகம் அது. சங்கத்தாருட் சிலரும் அவ்வியாபாரத்திற் பங்குடையவராயிருந்தமை கேட்டு, இவருக்கு உணவு செல்லவில்லை, உடல் தளர்ந்தது. அடிமை இறக்குமதியைத் தடுக்குமாறு சட்டசபைக்கு விண்ணப்பமொன்று எழுதி அன்பர்களிடம் காட்டினார். ஆண்டுக் கூட்டம் முடிந்தபின், அடிமைகளையுடைய முதியோரைக் கூட்டத்து மாளிகையின் தனியறையொன்றில் அழைத்துப் பேசினார். பொதுக் கூட்டத்தில் பலர் முன்னிலையில் அவர்கள் பெயரைச் சொல்லி நாணச் செய்திருக்கலாம். அதை இவர் செய்யவில்லை.

பிறரிடம் கணக்குக் கேட்பவர் தம் கணக்கை எவ்வாறு வைத்திருந்தார்? மவுண்ட் ஹாலியில் இவர் தாமே வைத்த கடை நாளுக்குநாள் பெருகியது. பெருஞ்செல்வராதற்கு வழி திறந்திருந்தது. ஆனால் வியாபாரம் பெருகப் பெருக மனம் சிதறுவதையும், ஏழைகள் தம் கடையில் தேவைக்கு மிஞ்சிய பொருள்களைக் கடனுக்கு வாங்கித் துன்புறுவதையும் கண்டு, 1756-இல் கடையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டார். வாடிக்கையாளரிடம், வேறு கடைகளுக்குச் செல்லுங்களென்று தாமே சொன்னார். தையற்றொழிலும் ஒரு பழத்தோட்டமும் போதுமெனக் கொண்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளையும் சர்க்கரையை உண்பதை நிறுத்தினார். சாயந்தோய்த்த ஆடைகளை விட்டு, இயற்கை நிறமாகிய வெள்ளாடையும், மயிரின் நிறத்திலேயே அமைந்த தொப்பியும் அணிந்தார். சாயம் அழுக்கை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லையென்பது இவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இக்கோலத்தைக் கண்டு, உலகத்தார் நகைத்ததிருக்க, சங்கத்து அன்பர்களே இவரை ஐயுற்று விலகினர். அதனையும் தாங்கினார்.

அடிமைத்தனத்தைப் பற்றிய நூலின் இரண்டாம் பகுதி 1762-இல் வெளிவந்தபோது, சங்கத்துப் பொதுப் பணத்தில் அச்சிட்டு இலவசமாக வழங்க நூலாய்வாளர் முன்வந்தனர். உல்மன் இசையவில்லை. அப்பொதுப் பணத்தில் அடிமைகளையுடையோர் கொடுத்த காசும் கலந்துள்ளது. தங்களைக் கண்டிக்கும் நூலுக்குத் தங்கள் காசு செலவாவதை அவர்கள் விரும்பார். அவர்கள் விருப்பமின்றி அதனைச் செலவழித்தல் நேர்மையன்று என்றார். தம் செலவிலேயே அச்சிட்டு, அடக்க விலைக்கு விற்றார். தாம் எதிர்க்கும் தீங்கில் மூழ்கியிருப்பவர்க்கும் நியாயம் வழங்கும் இந்நுண்மை பிறரிடம் எளிதிற் காணக் கூடியதன்று.

இவற்றினும் ஆழமானதொன்று உண்டு. முன்னொரு காலத்தில் உல்மன் இறந்த ஒருவருடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பாளருள் ஒருவராயிருந்து, அச்சொத்தைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவனொருவனை முப்பது வயது வரை வேலை செய்யுமாறு விற்றிருந்தார். ஆண்டுகள் பல கழிந்தன. அடிமைகளை விடுவிக்குமாறு ஊரூராய் அலைந்த இவர் வழிபாட்டில் அமர்ந்திருக்கும்போதெல்லாம் அப்பையனுடைய நினைவு எழுந்து இவரை வருத்திற்று. எவரும் இவரிடம் அது பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடியவரும் இல்லை. இவரே தமக்கு எதிராக ஒரு பத்திரம் எழுதினார். அவ்விளைஞனுடைய காலத்தில் கடைசி நாலரை ஆண்டு ஊழியத்துக்கு நடுவுநிலையாளர் எவ்விலை மதிப்பாரோ அதனை அவனை வாங்கியவருக்குத் தம் சொத்திலிருந்து செலுத்த வேண்டுமென்று அதிற் கண்டது. கிரயப் பத்திரம் எழுதித் தொடங்கிய கை இப்பத்திரத்தையும் எழுதிற்று.

1763-இல், எல்லைப்புறமெங்கும் போர் மூண்டிருந்த சமயத்தில், ஸஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் வயலூஸிங் என்னுமிடத்துப் பழங்குடியினரைக் காணச் சென்றார். அவர்களுக்குப் போதிப்பதோடு அவர்களிடமிருந்து கற்கவும் விரும்பியே சென்றார். அங்கு ஒரு கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இன்றியே ஜெபித்தபோது, பாப்புனெஹாங் என்னும் தலைவர், சொற்கள் விளங்காவிடினும் அவை புறப்படும் ஊற்றைத் தாம் உணர்ந்ததாகப் பொருள்படச் சொன்னாரென்பது பலரறிந்த செய்தி.

1766-க்குப் பின் டெலவேர், மேரிலாந்துப் பகுதிகளுக்கு நடந்தே சென்றார். அடிமைகள் நடக்கும் வழியில் தாமும் நடந்தாலன்றி அவர்கள் நிலையை உணர முடியாதென்பதும், குதிரையேறி வந்து எளிமையைப் போதித்தல் பொருந்தாதென்பதும் இவர் எண்ணம்.

1772-ஆம் ஆண்டு மே மாதத்தில், மாதக் கூட்டத்தாரின் நற்சான்று பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முதல் வகுப்பறையில் வீண் சித்திர வேலைப்பாடுகளிருந்தமையால், மாலுமிகள் உறங்கும் கீழ்த்தட்டிலேயே இடங்கொண்டார். ஜூன் மாதம் லண்டன் சேர்ந்து, சாயமற்ற உடையோடு நேரே ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்றார். அவ்விடத்தார் இவர் கோலத்தைக் கண்டு திகைத்தனரென்றும், தம் கடமை நிறைவேறியதாகக் கொண்டு இவர் ஊர் திரும்பலாமென ஒருவர் கூறினரென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உல்மன் கண்ணீர் வடித்து மௌனமாயிருந்து, பின் எழுந்து, அன்பர்களின் ஒருமித்த சம்மதமின்றித் தாம் பிரயாணஞ் செய்ய இயலாதென்றும், அதுவரை அவர்களுக்குச் செலவு வையாதபடி தமக்குத் தெரிந்த தையல் வேலை ஏதேனும் கொடுத்தால் செய்வேனென்றும் சொன்னாராம். பிறகு நெடிய மௌனத்தின் பின் இவர் பேசத் தொடங்கவே, கூட்டத்தார் உள்ளம் உருகி இவரை ஏற்றுக்கொண்டனர். பிறரைக் கூட்டத்தின் தீர்ப்புக்குப் பணியுமாறு கேட்டவர், தமக்கு எதிராக வந்த தீர்ப்பின் முன்னும் அவ்வாறே பணிந்து நின்றாரென்பதாலேயே இச்செய்தி இங்கே குறிக்கத்தக்கதாயிற்று.

அங்கிருந்து வடக்கு நோக்கிக் கால்நடையாகச் சென்றார். அஞ்சல் வண்டிக் குதிரைகள் ஓடியோடிச் சாவதையும், வண்டியோட்டும் சிறுவர் குளிரில் விறைப்பதையும் கேட்டறிந்து, அவ்வண்டிகளில் ஏறவும் அவற்றின் வழியாகக் கடிதமனுப்பவும் மறுத்துவிட்டார். யார்க் நகரை அடைந்ததும் பெரியம்மை கண்டது.

உல்மன் காலத்தில் இவர் விரும்பியது முற்றும் நிறைவேறவில்லை. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தார் அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சங்கத்தினின்றும் விலக்குவதென முடிவு செய்தது 1776-இல். 1688-ஆம் ஆண்டு விண்ணப்பத்தினின்று கணக்கிடின் எண்பத்தெட்டு ஆண்டுகள். எஜமானரின் மனம் இளகுமட்டும் காத்திருந்த அவ்வாண்டுகளில் அடிமைகளாகவே பிறந்து அடிமைகளாகவே மாண்டவர் எத்தனை பேர்! பொறுமை எஜமானரிடம் காட்டப்பட்டது. அதன் விலையைச் செலுத்தியவர் அடிமைகள். இதனை உல்மனைப் புகழும் நாம் மறைத்தல் தகாது. விடுதலை பெற்றோரைச் சங்கத்தார் தம் கூட்டங்களில் சமமாக ஏற்க நெடுங்காலம் தயங்கினரென்பதும் உண்மையே. எனினும், அக்காலத்தில் வேறெந்தப் பெரிய கிறிஸ்தவ சபையும் தன் அங்கத்தினர் கையினின்று அடிமைகளை விடுவிக்க இத்துணை முயன்றதாகக் கூறல் அரிது. அம்முயற்சி கட்டளையாலன்றிப் பெரும்பாலும் வீட்டுத் திண்ணைப் பேச்சாலேயே நடைபெற்றது. உல்மனுடைய வாழ்க்கைக் குறிப்பு 1774-இல் அச்சாகி, இன்றளவும் வாசிக்கப்பட்டு வருகிறது.

யார்க்கில் தாமஸ் பிரீஸ்ட்மன் என்னும் அன்பர் வீட்டில் நோயாய்க் கிடந்த நாட்களில், தம் அடக்கத்துக்கான ஏற்பாடுகளையும் உல்மன் சொல்லி முடித்தார். சவப்பெட்டி அலங்காரமின்றி ஆஷ் மரத்தாற் செய்யப்பட வேண்டும். ஓக் மரம் வேறு பயனுள்ள வேலைகளுக்கு ஆகுமாதலின் அதனைப் புதைத்தல் கூடாது. அச்செலவுக்கு ஈடாகத் தம் உடைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1772-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. அப்போது இவருக்கு வயது ஐம்பத்தொன்று.